நெடுந்தீவில் வற்றிய தொட்டி

மகளுக்குக் காட்டுக் குதிரை காட்ட நெடுந்தீவுக்குக் குடும்பமாக வந்திருக்கிறோம். கோயில் சுவர்களில் கொழுத்த வெள்ளைக் குதிரைகளை வரைந்து பிழைத்தவன் நான். இப்போது ஒரு கோடும் வருவதில்லை. தூரிகையைத் தொட்டே வருடக்கணக்காகிறது.

இங்கே விலா எலும்பு தெரியும் குதிரையொன்று வற்றிய சீமெந்துத் தொட்டியை நக்குகிறது.

“தண்ணி ஊத்தமாட்டியளோ?” எங்களை ஏற்றிவந்த ஓட்டோக்காரரிடம் எரிந்து விழுகிறேன்.

“எங்களுக்கே பவுசர் லொறி கொண்டுவந்தால்தான் தண்ணி, அண்ணை. படமெடுக்க வாறவை ஒரு போத்தலாவது ஊத்துகினமோ?”

மனைவி எங்கள் போத்தல்களைத் தொட்டிக்குள் கவிழ்க்கிறாள். குதிரைக்கு நாக்கு நனைந்ததோடு சரி.

“அப்பா, இதைப் படமாக் கீறுவீங்களோ?” என்கிறாள் மகள்.

கொழுத்த குதிரைகளுக்கு அசைய மறுத்த கை, சாகப்போகிற குதிரையைக் கண்டதும் பேனையைத் தேடுகிறது. வெட்கங்கெட்ட கை. விலா எலும்பிலிருந்து கீறத் தொடங்குகிறேன்.