சூப்பர்பொட்டன்ஷியலில் விட்டுப்போன கோடு

ஆராய்ச்சிப் படிப்பின் நான்காம் வருட விடுமுறையில் போடிக்கு வந்திருந்தேன். ஏலக்காய் பறிக்க மலைக்குப் போகும் அம்மாவோடு ஒருநாள் காலை ஜீப்பில் ஏறிக்கொண்டேன். வீட்டில் சொல்ல வாய் வராத ஒன்றை, போடிமெட்டு போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடலாம் என்று நினைப்பு. பதினொரு பெண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வேன் என்று யோசிக்கவில்லை. படித்தவள் புத்தி அவ்வளவுதான்.

"பொட்டிபுரத்து மலையக் கொடையணும்னாகளே, அந்தப் படிப்பா?" என்றார் எதிரே இருந்த அக்கா, நான் படிப்பது இயற்பியல் என்று கேட்டதும். நியூட்ரினோ ஆய்வகத்துக்காக அந்த மலையைக் குடையப் போவதாகச் சொன்னதிலிருந்து எங்கள் பக்கத்தில் பலருக்கும் இருந்த கோபம் அவர் குரலிலும் இருந்தது.

"இல்லக்கா. எனக்குத் தாளும் பேனாவும் போதும்."

மீச்சீர்மை என்று ஒரு கொள்கை. இயற்கையில் அது உண்டா என்று இன்னும் யாரும் கண்டதில்லை. அதில் சூப்பர்பொட்டன்ஷியல் என்ற சின்னச் சூத்திரம்தான் என் வேலை. அதை எழுதிவிட்டால் துகள்களின் நிறை, அவை ஒன்றோடொன்று உறவாடும் விதம் எல்லாம் அதிலிருந்து வரும். நிபந்தனை ஒன்றுதான்: புலங்கள் அதில் வரலாம், தலையில் கோடு போட்ட அவற்றின் இணைகள் வரக்கூடாது. அதைக் காப்பாற்றினால், படிப்படியாகச் சேர்க்கும் குவாண்டம் திருத்தங்கள் சூத்திரத்தை அசைக்காது. உலகத்தில் இப்படி நிற்கிற ஒன்றாவது இருக்கிறதே என்றுதான் இந்தத் துறைக்கே வந்தேன். நானோ முதல் வருடமே, ஓர் இணையைப் படியெடுக்கும்போது தலைக்கோடு போட மறந்திருக்கிறேன். கோடு இல்லாததால் அது வெறும் புலம்போலத் தெரிந்து, வரக்கூடாதது உள்ளே வந்துவிட்டது. மூன்று வருடக் கணக்கும் அதன்மேல் கட்டியது. போன வாரம்தான் கண்ணில் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவும் பார்த்தேன், முடியவில்லை.

"இந்த வருசத்தோட முடியுது. அப்புறம் வேலைக்குப் போயிருவா" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அந்தப் பெருமையை என்னால் தாங்க முடியவில்லை.

"முடியலம்மா. கணக்கு தப்பாப் போச்சு. திரும்பப் போடணும்."

"எம்புட்டுத் தப்பு?"

"ஒரு கோடு."

"ஒத்தக் கோட்டுக்கா?"

"ரெண்டு வருசம் ஆகும்மா."

"அதுக்காக ஒன்ன வெளிய அனுப்பிருவாகளா, ஆத்தா?" என்று கேட்டார் எதிரே இருந்த அக்கா. கோபமெல்லாம் போயிருந்தது. இல்லையென்று தலையாட்டினேன். என் முழங்காலில் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. எனக்கு அழுகை வந்தது.

எஸ்டேட் வாசலில் இறங்கியதும் அம்மா டிரைவரிடம் போனாள். அந்த ஜீப்பில் ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம் உண்டு. வேலையை விடுகிறவள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அது இன்னொருத்திக்குப் போகும். இந்த வருடத்தோடு நின்றுகொள்வதாக அம்மா சொல்லிவைத்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தம்பி, எஞ் சீட்ட ஆருக்கும் குடுத்துராதப்பு" என்றாள். "இன்னும் ரெண்டு வருசம் நான் வருவேன்."