இடுப்பில் கட்டிய வில்லை

பேய் பிடித்திருக்கிறது என்று யாராவது சொன்னால், காலையில் சாப்பிட்டாயா என்று முதலில் கேட்கிற ஆள் நான். திருச்சுழி தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் பதினாலு வருடமாக வேலை பார்க்கிறேன். செத்தவர்கள் எனக்கு இறப்புச் சான்றிதழாகத்தான் வருவார்கள். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் கோபப்பட மாட்டேன், நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

எங்கள் அய்யாவுக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தால் போதும், நடக்க ஆரம்பித்துவிடுவார். எங்கே என்று கேட்டால், துபாயிலிருந்து தம்பி வருகிறான், பஸ் ஸ்டாப்புக்குப் போய்க் கூட்டிவர வேண்டும் என்பார். தம்பி கடைசியாக ஊருக்கு வந்துபோய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. பகலில் அய்யாவை வைத்துப் பூட்டிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போவேன். கொடுமைதான், வேறு வழி தெரியவில்லை. பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போடா என்று தம்பியிடம் கெஞ்சியதற்கு, அவன் ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு வெள்ளை வில்லையைக் கொடுத்தனுப்பினான். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது.

"அக்கா, இத அய்யா இடுப்புல கட்டி விட்ரு. அவரு எங்க போனாலும் என் போன்ல தெரியும். இனி கவலையே இல்ல பாரு," என்றான் போனில்.

யாருக்குக் கவலை இல்லை என்று நான் கேட்கவில்லை. துணியில் வைத்துத் தைத்து, தாயத்து மாதிரி அரைஞாண் கயிற்றில் கட்டிவிட்டேன்.

கட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த வில்லைக்குத் தானாக எதையும் சொல்லத் தெரியாது. அதே கம்பெனியின் விலை கூடின போன் முப்பது அடிக்குள் வந்தால்தான், அந்தப் போன் வழியாக இடத்தைச் சொல்லும். எங்கள் ஊரில் எல்லாரிடமும் இருப்பது என்னுடையதைப் போல சாதாரண ஆண்ட்ராய்டு. எங்களையெல்லாம் அது சேர்த்துக்கொள்ளாது. வில்லைகூடச் சாதி பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் போனுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அய்யாவை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், 'உங்களுக்குச் சொந்தமில்லாத டிராக்கர் ஒன்று உங்களுடன் பயணிக்கிறது' என்று எச்சரிக்கும். அது என்னோடு வந்த வழியைச் சிவப்புக் கோடாக மேப்பில் காட்டும். 'ஒலி எழுப்பு' என்று ஒரு பொத்தான் வரும். அமுக்கினால் அய்யா இடுப்பில் கீச்சென்று கேட்கும். "ஏத்தா, குருவி!" என்று சிரிப்பார். தொலைந்தவரைத் தேடித் தர மாட்டேன் என்கிறது, கூட வரும் அப்பனைத் திருடன் மாதிரி காட்டிக்கொடுக்கிறது.

சித்திரை வெயிலில் ஒருநாள், கஞ்சி கொடுக்கக் கதவைத் திறந்த பக்கத்து வீட்டுக்காரி அசந்த நேரத்தில் அய்யா போய்விட்டார். காலை ஒன்பது மணியிலிருந்து தேடினேன். பஸ் ஸ்டாப்பில் இல்லை, கோவிலில் இல்லை. தம்பிக்குப் போன் போட்டால், "போன வாரம் ஆஸ்பத்திரியில இருந்ததுதான் காட்டுதுக்கா," என்றான். நான் போனை வைத்துவிட்டு நடுரோட்டில் நின்று அழுதேன்.

மதியம் ஒன்றரைக்கு அவனே கூப்பிட்டான். "அக்கா, காட்டுது! கம்மாய்க்குள்ள! ஒரு நிமிசத்துக்கு முன்னாடி!"

எங்கள் கண்மாயில் தண்ணீர் இல்லை, சீமைக்கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. அங்கே கரிமூட்டம் போடுகிற மாடசாமி அண்ணனைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவரிடம் இருப்பது பட்டன் போன். உள்ளே ஒற்றை வேப்பமரத்தடியில் அய்யா சாய்ந்திருந்தார், உதடெல்லாம் வெடித்திருந்தது. தண்ணீர் புகட்டியதும் கண்ணைத் திறந்தார்.

"தம்பி வந்திருந்தான்த்தா. இந்தா, பக்கத்துலதான் உக்காந்திருந்தான். போனையே நோண்டிக்கிட்டு இருந்தான். தண்ணி கேட்டேன், நிமிந்தே பாக்கல."

மாடசாமி அண்ணன் குனிந்து தரையைப் பார்த்தார். "ஏம்மா, வேற தடமே இல்லையே," என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் புழுதியில் அய்யா வந்த தடமும் நாங்கள் வந்த தடமும்தான் இருந்தன. ரோடு அங்கிருந்து ஒரு மைல். எந்தப் போன் அங்கே வந்தது?

ஐப்பசியில் அய்யா இறந்தார். தம்பி வந்து மூன்று நாள் இருந்தான். குளிப்பாட்டும்போது அரைஞாணை அறுத்து வில்லையை அவன் கையில் கொடுத்தேன். "அன்னைக்கு நான் வாங்கிக் குடுத்த இதுதான் அவரக் காப்பாத்துச்சு," என்று துஷ்டிக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். அது பொய்யில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பின்னால் பெட்டிச் சாவியில் மாட்ட ஆகும் என்று, அதுவரை தீராமல் இருக்கப் பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைத் துபாய்க்கே எடுத்துப்போய்விட்டான்.

போன மாதம் காலையில் பஸ்ஸில் கடைக்குப் போகும்போது என் போன் அதிர்ந்தது. சொந்தமில்லாத டிராக்கர், உங்களுடன் பயணிக்கிறது. பஸ்ஸில் வேறு யாரோ வைத்திருப்பார்கள் என்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். மேப்பைத் திறந்தேன். சிவப்புக் கோடு கண்மாய் வேப்பமரத்தில் தொடங்கி, எங்கள் வீட்டு வாசலைத் தொட்டு, பஸ் ஸ்டாப் வழியாக நான் இருக்கும் இடம் வரைக்கும் வந்திருந்தது. அன்றைக்குப் பிறகு நான் கண்மாய்ப் பக்கம் போனதே இல்லை.

தம்பியைக் கேட்டேன். "மேசை டிராயர்ல கிடக்குக்கா, பேட்டரியே இல்ல. என் போன்ல ஒண்ணும் காட்டலையே," என்றான்.

அவன் போனில் காட்டாது. எனக்குத்தான் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வருகிறது. அந்த 'ஒலி எழுப்பு' பொத்தானை அமுக்க இன்னும் தைரியம் வரவில்லை. வருகிற அன்றைக்கெல்லாம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பக்கத்து சீட்டில் யாராவது உட்கார வந்தால், ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.