ரெண்டு பொட்டலத்திலும் ஒரே பூ

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்தேன். வாராவாரம் சாமி, குடும்பம், என் பலசரக்குக் கடை என்று எழுதுகிறவன், திடீரென்று வீடியோ கேம் பற்றி எழுதினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அதுவும் பத்தாம் வகுப்போடு நின்றவன்...

போன வாரம் கடைக்கு வந்த ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணே, அந்த கேம் கம்பெனி ரெண்டாம் பாகம் விடப் போகுதாம். வேணுமா வேணாமான்னு நம்மகிட்டயே கேக்குறாங்க."

பார்த்தேன். ஓட்டுப் போட ரெண்டே பட்டன். ஒன்று 'வேண்டும்'. இன்னொன்று 'கண்டிப்பாக வேண்டும்'.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

முதல் பாகத்துக் கதை இதுதான். வள்ளி என்று ஒரு பொண்ணு பாழடைந்த பங்களாவில் மாட்டிக்கொள்கிறாள். ஞாயிறு தோறும் சாயங்காலம் லைவ். கடைசியில் ஒரு கேள்வி வரும். அடுத்து வள்ளி என்ன செய்ய வேண்டும்? ஒரு வாரம் ஓட்டுப் போடலாம். 'அவள் உயிர் உங்கள் கையில்' என்று கொட்டை எழுத்தில் போடுவான்.

என் வீட்டுக்காரி பாண்டியம்மா அதை அப்படியே நம்பிவிட்டாள். உயிர் என்று சொல்லிவிட்டானே, விளையாட்டா?

கடைசிக் கேள்வி வந்தது. கதவை யாரோ தட்டுகிறார்கள். வள்ளி திறக்கலாமா, கூடாதா?

பாண்டியம்மா என்னையும் இழுத்துக்கொண்டு நேராக எங்கள் வில்லாபுரம் தெருக்கோடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். பூக்கட்டிக் கேட்க. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஆத்தா காலடியில் போட்டு ஒன்றை எடுத்தால் உத்தரவு தெரிந்துவிடும். நிலம் வாங்க, பொண்ணு கட்ட எங்கள் பக்கம் கேட்பதுதான். வீடியோ கேமுக்குக் கேட்டது அவள் ஒருத்திதான்.

"என்ன காரியமாம்மா?" என்றார் பூசாரி.

"ஒரு பொண்ணு உயிர் விஷயம்ண்ணே."

"அடடா... எந்த ஆஸ்பத்திரில இருக்கு?"

"போன்ல இருக்குண்ணே."

பூசாரி என்னைப் பார்த்தார். நான் உண்டியலைப் பார்த்தேன்.

வெள்ளை வந்தது. வெள்ளை என்றால் திறக்கலாம். அப்புறம் கேட்க வேண்டுமா? கடைக்கு உளுந்து வாங்க வந்தவர்களை எல்லாம் 'திற'வில் அமுக்க வைத்துத்தான் அனுப்பினாள். கவுன்சிலர் எலெக்‌ஷனுக்குக்கூட எங்கள் தெருவில் இம்புட்டு கேன்வாஸ் நடந்ததில்லை.

'திற' அமோகமாக ஜெயித்தது. வள்ளி திறந்தாள். ஒரு கை வந்தது. ஒரு அலறல். முற்றும்.

பாண்டியம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க... ஆத்தாதான திறக்கச் சொன்னா?"

நான் சிரித்திருக்கக் கூடாது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி. வீட்டு விளக்கை நான்தான் ஏற்றினேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது மெல்லக் கேட்டாள். "நம்ம தேவிக்கு மாப்ள பாத்தப்பவும் அங்கனதான பூ கேட்டோம்?"

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். கேமில் செத்தவள் செத்தாள்... இவள் நம்பிக்கை அல்லவா ஆடுகிறது?

மறுநாள் ஹைதராபாத்திலிருந்து மகள் தேவி போனில் பேசினாள். எடுத்ததும் இவள், "ஏண்டி, மாப்ள உன்னைய நல்லா வச்சிருக்காரா?"

"ஏம்மா, அவருக்கு என்ன? இந்தா, துணி காயப்போட்டுக்கிட்டு இருக்காரு."

மெதுவாக விஷயத்தைச் சொன்னதும் மகள் சிரித்துவிட்டாள். "அம்மா, அதே கேம் இங்க தெலுங்குலயும் லைவ் வந்துச்சு. இங்க 'திறக்காதே'தான் ஜெயிச்சுச்சு."

இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப அந்தப் புள்ள பொழச்சிருச்சா?"

"எங்கிட்டுப் பொழச்சா? திறக்காம நின்னா. கதவை உடைச்சுக்கிட்டு வந்துச்சு. அதே கை, அதே அலறல்."

பாண்டியம்மா பெருமூச்சு விட்டாள். "அப்ப ஆத்தா மேல குத்தமில்ல."

சாயங்காலமே தலைக்குக் குளித்து, பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். பூசாரி அக்கறையாக விசாரித்தார். "அந்தப் பொண்ணு எப்படிம்மா இருக்கு?"

"போயிருச்சுண்ணே. எதை அமுக்குனாலும் சாவுதான்னு முன்னாடியே எழுதி வச்சிட்டு நம்மளக் கேட்டிருக்காங்கெ."

பூசாரிக்கு கேம் புரியவில்லை. ஆனால் குற்றம் புரிந்துவிட்டது. "ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவா? நான் அப்படிக் கட்டுனா இந்தத் தெருக்காரங்கெ என்னைய இங்கன விட்டு வப்பாகளா?"

விட்டுவைக்க மாட்டோம். ஆனால் கம்பெனிக்காரனை விட்டுவைத்திருக்கிறோமே? மகள் லைவுக்குக் கீழே நியாயம் கேட்டு எழுதினாள். 'உங்கள் ஒவ்வொரு ஓட்டும் எங்களுக்குப் பொக்கிஷம்' என்று பதில் வந்தது. பக்கத்தில் ஒரு இதயம். முடிவு இதுதான் என்று கதை சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டுப் போயிருப்போம். கேட்பது போல் ஏன் கேட்க வேண்டும்? கேட்டால் பதிலை மதிக்க வேண்டும். மண் சாமிக்கு முன்னால் நிற்கிற பூசாரிக்கு இருக்கிற பயம், கண்ணாடி ரூமில் இருக்கிறவனுக்கு இல்லையே...

இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். இரக்கப்பட்டு வள்ளியை மட்டும் பிழைக்க வைத்துவிடாதீர்கள் — அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது.