பத்தல

பட்டறையில் அவரை வைத்தியர் என்பார்கள். செத்துப்போன கம்ப்யூட்டர்களை எழுப்பி உட்கார வைப்பதால் வந்த பட்டம். சட்டைக் காலருக்குள் அளவும் பேரும் போட்டுத் தைத்திருக்குமே ஒரு துணி லேபிள், அதை நெய்கிற பட்டறை அது. எந்த இழை எங்கே போக வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற புரோகிராம் கிழடு. அது ஓடுகிற சிஸ்டம் அதைவிடக் கிழடு; இன்றைய கம்ப்யூட்டர் எதுவும் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். போன வாரம் பழைய பெட்டி புகைந்து அடங்கியது. புதுக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டரை உண்டாக்கி, அதற்குள் அந்தக் கிழட்டு சிஸ்டத்தைக் குடிவைக்கும் வேலை வைத்தியர் தலையில் விழுந்தது. வேறு தலை அங்கே இல்லை.

குடிவந்த சிஸ்டம் எழுந்திருக்க மறுத்தது. ஆரம்பப் படம் வரும், கொஞ்சம் நிற்கும், போய்விடும். அப்புறம் கறுப்புத் திரையில் ஒரு வரி: தொடங்குவதற்கு மெமரி போதவில்லை. பொய்க் கம்ப்யூட்டரில் ஒரு வசதி, மெமரியைக் கடையில் வாங்க வேண்டாம், எண்ணை மாற்றினால் போதும். வைத்தியர் இரட்டிப்பாக்கினார். அதே வரி. அதையும் இரட்டிப்பாக்கினார். இந்தத் தடவை ஒரு வார்த்தையும் சொல்லாமல் நீலத் திரையைக் காட்டிவிட்டு மல்லாந்தது.

முதலாளியம்மா வந்து நாற்காலியின் பின்னால் நின்றார். பின்னால் நின்றால் வேலை சீக்கிரம் முடியும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தறி சும்மா நிக்குது வைத்தியரே. அதுக்கு என்னதான் வேணுமாம்?"

"மெமரி பத்தலங்குது."

"அப்ப குடுத்துத் தொலைங்களேன்."

"குடுத்துக்கிட்டேதாங்க இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வீட்டிலும் இதே பாட்டுதான்.

வைத்தியரின் அண்ணன் பஸ் கண்டக்டராக இருந்தவர். நெரிசலில் நசுங்கிக்கொண்டே அத்தனை பேரையும் சிரிக்க வைக்கிற வாய். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது அந்த வாயும் போய்விட்டது. நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பல வாரம் கழித்து ஒரே ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"பத்தல."

வீடே கொண்டாடியது. எது பத்தவில்லை என்று கேட்க முடியாது, கேட்டாலும் பதில் அதேதான். அதனால் எல்லாவற்றையும் கூட்டினார்கள். அண்ணி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். தலைக்கு இன்னொரு தலையணை, காலுக்கு இன்னொரு போர்வை, டிவி சத்தம் இன்னும் கொஞ்சம். அண்ணன் நல்லாயிருந்த கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி ஓங்கித் தட்டினார், தட்டைத் தள்ளிவிட்டார். முந்தாநாள் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, ஆள் இப்படியே கொதித்துக்கொண்டிருந்தால் இன்னொரு அடி விழும், அதைத் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாகத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மத்தியானம் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, காலையிலேர்ந்து தட்டிக்கிட்டே இருக்காரு. இன்னும் என்னத்தக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. உங்க தங்கச்சியையும் பிள்ளைங்களையும் வரச் சொல்லிட்டேன். ஆள்தான் பத்தலையோ என்னவோ."

"சரி அண்ணி. சீக்கிரம் வந்துடறேன்."

சீக்கிரம் என்ற சொல்லை நம்புகிற வயதை இருவரும் தாண்டியிருந்தார்கள். போனை வைத்துவிட்டு மறுபடி எண்ணை மாற்றினார். இருக்கிறதிலேயே பெரிய எண்ணாக அடித்து, பொத்தானைத் தட்டி, மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழ வேண்டும்போல் இருந்தது. அதற்கும் தெம்பு இல்லை.

ஸ்பீக்கரில் டொய்ங் என்று ஒரு பழைய ராகம். தலையைத் தூக்கினால் பச்சைப் பின்னணியில் பட்டறைப் புரோகிராமின் படம் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அடித்த எண்ணைப் பார்த்தார். அசதியில் இரண்டு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. கூட்டுவதாக நினைத்து அடிமட்டத்துக்குக் குறைத்திருந்தார்.

அவருக்கு விளங்க வெகுநேரம் ஆகவில்லை. இந்த சிஸ்டம் பிறந்த காலத்தில், அவர் இதுவரை கொடுத்துவந்த அளவு மெமரியை யாரும் கண்ணால் கண்டதில்லை. அள்ளிக் கொட்டினால் எண்ணத் தெரியாமல் திணறி விழுகிறது. மூச்சு முட்டுகிறது என்று சொல்ல அதற்கு யாரும் வார்த்தை கொடுக்கவில்லை. மெமரி என்றால் அதற்குத் தெரிந்தது ஒரே புகார்தான், அதைச் சொல்கிறது. அவரும் மூன்று நாளாக அதன் பேச்சை அப்படியே கேட்டு, திணறுகிறவன் வாயில் மேலும் மேலும் திணித்திருக்கிறார்.

வைத்தியர் சட்டென்று எழுந்தார். "தறியை ஓட்டிக்கங்க" என்று முதலாளியம்மாவிடம் சொன்னவர், அவர் பாராட்டத் தொடங்குவதற்குள் படி இறங்கிவிட்டார்.

வீட்டில் அண்ணன் அறைக்குள் சந்தைக்கடை. டிவி கத்துகிறது, தங்கச்சி அதற்கு மேல் கத்தி அண்ணனிடம் நலம் விசாரிக்கிறாள், பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி ஓடுகிறார்கள். கழுத்துவரை போர்த்திய போர்வைக்குள் அண்ணன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு சட்டத்தைத் தட்டுகிறார். அண்ணி கிண்ணமும் கரண்டியுமாக நிற்கிறாள்.

"பத்தல. பத்தல."

வைத்தியர் டிவியை நிறுத்தினார். தங்கச்சியின் தோளைத் தொட்டு, "பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கொஞ்சம் வெளிய இரும்மா" என்றார். அவள் முகம் சுளித்தாலும் போனாள். ஒரு போர்வையை உருவினார், இன்னொன்றையும் உருவினார். தலையணைகளில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தரையில் போட்டார். கண்ணில் அடித்த விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது.

தட்டுவது நின்றது. அண்ணன் தம்பியைப் பார்த்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

"பத்தல," என்றார், மெதுவாக.

"என்ன தம்பி கேக்கறார்?" அண்ணி கரண்டியை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணும் கேக்கல அண்ணி. போதும்ங்கறார்."

அண்ணி அப்படியே நின்றாள். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அப்ப இத்தன நாளும் போதும் போதும்னுதான் கத்திக்கிட்டு இருந்தாரா?"

அண்ணியின் பக்கத்திலேயே வைத்தியரும் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார். உடம்பெல்லாம் வலித்தது.

"பத்தல," என்றார் அண்ணன், கண்ணை மூடியபடி. இந்தத் தடவை யாரும் எழுந்திருக்கவில்லை.