பரிமாறப் போனவள்

ஜெர்மனியில் ஒரு வகுப்பறையின் வெள்ளைச் சுவர் முழுக்க என் உம்மாவின் முகம் நின்ற காலையை நான் மறக்க மாட்டேன். அலைபேசியை மூக்குக்குக் கிட்டே பிடித்திருந்ததால் முதலில் ஒரு கண்ணும் பாதி நெற்றியும்தான் தெரிந்தன. பிறகு கையை நீட்டிப் பிடித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "தெரியுதாளா?" என்று கேட்டாள். பேராசிரியரும் மாணவர்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்மா தாராவியில் பெல்ட் தைக்கும் பட்டறை நடத்துகிறவள். வாப்பா மௌத்தாகித் தனியாளான பிறகு பட்டறையை விற்றுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் போய்விடச் சொன்ன சொந்தபந்தங்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியவள். அவளிடம் பேரம் பேசி ஜெயித்த வியாபாரியை நான் பார்த்ததில்லை. எனக்கு வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தபோது மாட்டுங்காவில் தமிழ்ச் சங்கத்தார் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். "பரிமாற்ற மாணவியாக ஜெர்மனி செல்லும்" என்று மைக்கில் முழங்கினார் ஒருவர். அன்றைக்கு எங்கள் வீட்டில் தமிழ் என்பது பேச்சோடு சரி. நானே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா உம்மென்றிருந்தாள். கடைசியில் வெடித்தாள்.

"பரிமாறவா அம்புட்டு தூரம் போற? இங்க கல்யாணப் பந்தியில பரிமாற ஆளில்லாம அலையிதோம்."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். "அது எக்ஸ்சேஞ்ச் உம்மா. மாத்திக்கிறது. நான் அங்க போவேன், அங்க உள்ளவங்க இங்க வருவாங்க."

"அப்ப நம்ம கோலிக்கு யாரு வாரா?"

எங்கள் ஒற்றை அறைக்குத்தான் கோலி என்று பெயர். ஜெர்மனியிலிருந்து அங்கே வர யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒப்பந்தம் என்று காகிதத்தில் இருந்தது, அவ்வளவுதான். உம்மா உதட்டைப் பிதுக்கினாள்.

ஜெர்மனியில் நகரங்களைப் பற்றி ஒரு பாடம் எடுத்துப் படித்தேன். ஒரு நாள் பேராசிரியர் சுவரில் தாராவியைப் போட்டார். ஆகாயத்திலிருந்து எடுத்த படம். தகரக் கூரைகள், நீலத் தார்ப்பாய்கள், மருந்துக்குக்கூட ஒரு மனித முகம் இல்லை. "இதில் எங்கள் கூரையும் இருக்கிறது" என்று எழுந்து சொன்னேன். எனக்கு அதில் வெட்கமில்லை, சொன்னேன். வகுப்பு மொத்தமும் என் பக்கம் திரும்பியது. பார்வை ஒவ்வொன்றிலும் ஈரம். அந்த ஈரத்தைத்தான் எனக்குப் பொறுக்க முடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் கூப்பிட்டார். வீடியோ அழைப்பில் என் வீட்டைச் சுற்றிக் காட்டச் செய்தால், கட்டுரைக்குப் பதில் அதையே தேர்வாக எடுத்துக்கொள்வாராம். அவர் கெட்டவரில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நம்மை முதலில் போகச் சொல்கிற மனிதர். அதுதான் இன்னும் கடுப்பு. என் வீடென்ன பொருட்காட்சியா? "வீட்டில் கேட்க வேண்டும்" என்றேன். உம்மா மறுத்துவிடுவாள் என்று நம்பினேன்.

"ஆசப்பட்டுக் கேக்காவ. மாட்டேங்கிறதுக்கு நாம என்ன களவாண்டா வச்சிருக்கோம்? காட்டுவோம்ளா" என்றாள் உம்மா.

என் பயம் வேறு. அந்தப் பிள்ளைகள் உம்மாவைப் பார்த்து ஒரே ஒரு முறை உச்சுக்கொட்டிவிட்டால் போதும், அந்தச் சத்தம் ஆயுளுக்கும் என் காதில் கிடக்கும். ஊரையே அதட்டி வாழ்ந்தவளை நானே கொண்டுபோய்ப் பரிதாபத்துக்கு வைக்கிறேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அழைப்பில் பேராசிரியர் கேட்கக் கேட்க நான் தமிழில் சொன்னேன். அந்த அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்? "நாலு பேரு. அவரு வீட்டுல?" இரண்டு பேராம். தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள்? "குழாயில. அவரு?" அவரும் குழாயில்தான் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கழிப்பறை வீட்டுக்குள்ளா வெளியிலா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கேமராவை மெதுவாக அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார்.

உம்மா கேமராவைத் திருப்பவில்லை. "காட்டுதேன். மொதல்ல அவரு வீட்டக் காட்டச் சொல்லு. மாத்திக்கிறதுன்னுதானே சொன்ன?"

ஓர் எழுத்துக் குறையாமல் மொழிபெயர்த்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியரின் காது சிவந்தது. வீடு என்பது சொந்த விஷயம், மனைவிக்குப் பிடிக்காது என்று தடுமாறினார்.

"அது அவங்க சொந்த விஷயமாம் உம்மா. வீட்டம்மாவுக்குப் பிடிக்காதாம்."

"அப்படியா? இந்த வீட்டம்மாவுக்கும் பிடிக்கலன்னு சொல்லு" என்றாள் உம்மா. "அடுப்புல ஆணம் கொதிக்கி, போன வைக்கேன்."

சுவர் வெள்ளையானது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. இன்னொரு நாள் முயலலாம் என்றார் பேராசிரியர். வேண்டாம், கட்டுரையே எழுதுகிறேன் என்றேன். அந்த ஆகாயப் படத்தைப் பற்றியே எழுதினேன். எடுத்தவர் ஏன் ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை என்று கேட்டு. தட்டுத்தடுமாறித் தேறினேன். பரவாயில்லை, அந்த மதிப்பெண்ணை இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்வேன்.

இப்போது சுற்றிப் பார்க்கிறவர்கள் எங்கள் சந்துக்கே வருகிறார்கள். வழிகாட்டி முன்னால் நடக்க, பின்னால் ஏழெட்டு வெள்ளைக்காரர்கள், பட்டறைக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுப்பார்கள். உம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுத் தன் அலைபேசியோடு வாசலுக்கு வந்து, அவர்களை ஒவ்வொருவராகப் படம் எடுப்பாள். எதற்கு என்று கேட்டேன். "ஊருக்கு அனுப்ப. வெள்ளக்காரன் எப்படி முழிக்கான்னு அங்க உள்ளவளுகளும் பாக்காண்டாமா?" போன வாரம் வந்த ஒரு பெண் கூச்சப்பட்டுக் கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

உம்மா விடவில்லை. "கைய எடு மக்கா," என்றாள், "மூஞ்சி தெரியல."