கன்னிவாடிக்குப் போன ஹார்ட் டிஸ்க்

கிளெமென்ட் திண்டுக்கல்லில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலை பார்த்தார். நாகல்நகரில் வாடகை வீடு. மனைவி அமலராணி தொண்ணூற்றெட்டில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. ஆபீசில் வேலை விஷயமாக நாலு வார்த்தை பேசுவார். வீட்டுக்கு வந்தால் அதுவும் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் வாயை மூடினால் திங்கட்கிழமை காலைதான் திறப்பார்.

அமலராணி மாதா கோவில் பாடகர் குழுவை நடத்தியவள். பயிற்சி நடக்கும்போது கிளெமென்ட் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் ஓரமாக உட்கார்ந்து பதிவு செய்வார். யார் சுருதி தப்புகிறார்கள் என்று அவள் வீட்டில் போட்டுக் கேட்பாள். அவள் போன பிறகு அந்த கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்தது. பயந்துபோய், செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். ஏற்றினாரே தவிர, ஏறியிருக்கிறதா என்று பார்க்க முதல் சில நொடிகளுக்கு மேல் எதையும் கேட்கவில்லை.

ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் இருந்துதான், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் என்ற இயங்குதளம் அவருக்குக் கிடைத்தது. ஆபீஸ் கணக்கை வீட்டில் போட விண்டோஸ் வேண்டியிருந்தது, மற்ற நேரத்துக்கு லினக்ஸ். டிஸ்க்கை மூன்றாகப் பிரித்து, விண்டோஸும் லினக்ஸும் படிக்கக்கூடிய ஃபேட் வகையில் நடுவே ஒரு பார்ட்டிஷன் வைத்தார். பதிவுகள் அதில் இருந்தன. ஊரில் லினக்ஸ் வைத்திருக்கும் இன்னொரு ஆளை அவர் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் கேட்டால், "எதுக்கு சார் அதெல்லாம்? அழிச்சிட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக்கங்க" என்பார்கள்.

இரண்டாயிரத்து மூன்று கோடையில் ஒருநாள் கரண்ட் போய் வந்தது. திரும்பவும் திறந்தபோது இரண்டு பதிவுகள் இல்லை. பெயரில்லாத துண்டுகளாகச் சிதறிக் கிடந்தன. எந்தத் துண்டும் ஓடவில்லை. அந்த இரண்டின் கேசட்டுகளும் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தன.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லினக்ஸ்காரர்களின் மின்மடல் குழு ஒன்றுக்கு எழுதினார். லினக்ஸ் பகுதியை எக்ஸ்ட்-2 வகையில் இருந்து எக்ஸ்ட்-3க்கு ஒரே கட்டளையில் மாற்றலாம் என்று படித்திருக்கிறேன், கரண்ட் போனாலும் அது தாங்குமாமே, அதே கட்டளையை ஃபேட் பார்ட்டிஷனுக்கும் போடலாமா என்று கேட்டார்.

வேல் என்ற பெயரில் ஒருவர் மறுநாளே பதில் போட்டிருந்தார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். "போட்டுறாதீங்க சார். ஃபேட் வேற குடும்பம். இருந்த எடத்துலயே மாத்த முடியாது. உள்ள இருக்கிறதை வேற டிஸ்க்குக்கு மாத்தி, பார்ட்டிஷனைப் புதுசா எக்ஸ்ட்-3ஆப் போட்டு, திரும்பக் கொண்டாந்து வைக்கணும்."

வேற டிஸ்க் கிளெமென்டிடம் இல்லை. அப்படியே எழுதினார். அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஆள் என்றுதான் நினைத்திருந்தார். திண்டுக்கல்லில் இதற்கு யாரும் இல்லை என்று ஒரு வரி சேர்த்தார்.

பதில் வந்தது: "திண்டுக்கல்லா? நான் கன்னிவாடி சார். என் டிஸ்க்ல எடம் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை கோவில் பூசை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு கன்னிவாடி பஸ்ஸில் உட்கார்ந்தார் கிளெமென்ட். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு கையாலும் அதைத் தூக்கிப் பிடித்தார்.

கடைவீதியில் ஒரு எஸ்.டி.டி. பூத். உள்ளே மூன்று சக்கர வண்டியில் முப்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். இரண்டு காலும் போலியோவில் சூம்பியிருந்தன. சுருளிவேல் என்று முழுப்பெயரைச் சொன்னார். அக்கா மாயம்மாள் வீட்டில் சாப்பாடு, பகலெல்லாம் பூத். செல்போன் வர ஆரம்பித்த பிறகு பூத்துக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. வராத நேரத்தில் படித்ததுதான் லினக்ஸ்.

இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மடலில் தயங்காமல் எழுதியவர்கள், நேரில் டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்மளால கீழ குனிய முடியாதுண்ணே. நீங்களே மாட்டிருங்க" என்றார் சுருளிவேல்.

கிளெமென்ட் மேசைக்கு அடியில் போய் மாட்டினார். வேலை தொடங்கியதும் பேச்சு தானாக வந்தது. பதிவுகள் எல்லாம் சுருளிவேலின் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப அழிக்கவாண்ணே?" என்று கேட்டார் சுருளிவேல்.

கிளெமென்ட் எழுந்தார். "செத்த நேரம் இருங்க தம்பி" என்று வெளியே போய், சாலையைப் பார்த்து நின்றுவிட்டு வந்தார். "ம். போடுங்க."

பார்ட்டிஷன் புதிதானது. பதிவுகளைத் திரும்ப வைக்கும்போது பாதியில் கரண்ட் போனது. கிளெமென்ட் எழுந்து நின்றுவிட்டார்.

"பயப்படாதீங்க. எதை எழுதிட்டிருந்தோம்னு எக்ஸ்ட்-3 அதுவே குறிச்சு வச்சிருக்கும். எதுவும் போனாலும் என்கிட்ட ஒரு காப்பி அப்படியே இருக்கு" என்றார் சுருளிவேல்.

மாயம்மாள் அதற்குள் சோறும் வெஞ்சனமும் கொண்டுவந்து வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்போது கரண்ட் வந்தது. டிஸ்க் ஒரு நொடியில் தன்னைச் சரிசெய்துகொண்டது. அரைகுறையாக நின்றிருந்த ஒன்றை மட்டும் மறுபடி வைத்தார்கள்.

"ஒண்ணு ஓட்டிப் பார்க்கலாமாண்ணே? கெட்டிருந்தா இப்பவே தெரிஞ்சிரும்."

கிளெமென்ட் தலையாட்டினார்.

ஸ்பீக்கரில் ஆர்மோனியம் கேட்டது, பத்துப் பதினைந்து குரல்கள் கேட்டன. நடுவே ஒரு பெண்குரல் நிறுத்தியது: "இல்ல, இல்ல. ஆம்பளைங்க எல்லாம் முன்னாடி ஓடுறீங்க. ரெண்டாவது வரியில இருந்து வாங்க." மறுபடி பாடினார்கள். மறுபடி அவள் நிறுத்தினாள். அப்போது மைக்குக்கு வெகு அருகில் ஒரு ஆண்குரல், "அமலா, போதும். பசிக்குது" என்றது. குழு மொத்தமும் சிரித்தது.

"அது நீங்களா?" என்று கேட்டார் சுருளிவேல்.

அப்படிச் சொன்னது கிளெமென்டுக்கு நினைவே இல்லை. "ஆமா தம்பி" என்றார். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக ஒன்றை முழுதாகக் கேட்டார்.

கிளம்பும்போது சுருளிவேல், "என் டிஸ்க்ல இருக்கிறதை அழிச்சிரவா?" என்றார்.

"இருக்கட்டும். ஒரே எடத்துல இருந்தா பயமா இருக்கு."

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கன்னிவாடிக்குப் போனார். டிஸ்க் வேலை எதுவும் இல்லாத ஞாயிறுகளிலும் போனார்.

இரண்டாயிரத்து ஏழில் மாயம்மாளின் கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை கிடைத்தது. பூத்தை மூடிவிட்டுச் சுருளிவேலும் அவர்களோடு போனார். அடுத்த ஞாயிறு கிளெமென்ட் பழக்கத்தில் பஸ் ஏறிவிட்டார். ஊருக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. இறங்காமல் கன்னிவாடிவரை போனார். பூத் இருந்த இடத்தில் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யும் கடை. எதிரே டீ குடித்துவிட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

வீட்டுக்கு அப்போது இன்டர்நெட் வந்திருந்தது. சுருளிவேலுக்கு நீளமாக ஒரு மடல் எழுதினார். நாலைந்து நாள் கழித்து, ஒரு ராத்திரி பதில் வந்தது.

"அண்ணே, இங்க எந்நேரமும் மிஷின் சத்தம். பக்கத்து வீட்டுக்காரவுக பேரு கூட இன்னும் தெரியாது. அக்கா உங்களைக் கேட்டுச்சு. சாப்டீங்களா?"

சாப்பிட்டுவிட்டேன் என்று எழுதி அனுப்பினார் கிளெமென்ட். பிறகு எழுந்துபோய் உலை வைத்தார்.