எவாரிஸ்டோவின் முளை

படகின் வேகம் தணிந்ததும் எவாரிஸ்டோ லாம்பே வலது காலைத் தண்ணீரில் விட்டுச் சேற்றைத் துழாவுவார். கால் கட்டைவிரலில் மர முளை தட்டியதும், "இருக்கியா?" என்று அதைக் கேட்பார். பிறகு இறங்கி, மூச்சடக்கிக் குனிந்து, நீருக்கடியில் இருக்கும் அதில் படகைக் கட்டுவார். மூன்று வருடமாக ஒரு நாளும் தவறியதில்லை.

பண்டைய மாயர்கள் உப்புக் காய்ச்சிய கொட்டகைகள் இந்தக் காயலடியில் இருக்கின்றன. கடல் ஏறி மூடிவிட்டது. சேற்றில் நிற்கும் அவற்றின் மரத்தூண்களைத் தொல்லியல் குழுவினரான நாங்கள் மிதந்தபடி கையால் தடவித் தேடி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கொடி நடுகிறோம். படகோட்டி எவாரிஸ்டோவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனை உப்பில்லாமல்தான் கொண்டுவருவார். "காயல் தண்ணி குடிச்சே நான் பாதி கருவாடு. இதுல உப்பு வேறயா?"

தன் முளையில் மட்டும் கொடி நட விடமாட்டார். "அது எங்கப்பா அடிச்சது. நான் பொறந்த வருஷம். அவரே சொன்னாரு. வெட்டு இன்னும் கூரா இருக்கு, தொட்டுப் பாரு புள்ள." தொட்டிருக்கிறேன். நேற்று வெட்டியதுபோல இருந்தது. அந்த அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். கல்லறை கிடையாது.

"ஒரு குச்சிக்கு இவ்வளவு பெருமையா மாமா?" என்று கொடி சுமக்கும் சிரிலோ சீண்டுவான்.

"உங்கப்பன் அடிச்ச ஒரு குச்சியக் காட்டுடா, பாப்போம்."

அது பந்தயமாகிவிட்டது. முளையிலிருந்து விரல் நீளச் சில்லு ஒன்றை எவாரிஸ்டோவே வெட்டித் தந்தார். "சோதனைக்கு அனுப்புங்க. என் வயசுதான் வரும்."

நேற்று முடிவு வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை எங்கள் கரிஃபுனா மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டியவள் நான். எண்ணை மூன்று முறை படித்தேன். நாங்கள் தேடிவந்த தூணில்தான் மூன்று வருடமாகப் படகைக் கட்டியிருக்கிறோம்.

"மாமா, ஆயிரத்து முந்நூறு வருஷம்."

சிரித்தார். "சரியாப் படி புள்ள."

"சரியாத்தான் படிச்சேன். உப்புக் காய்ச்சினவங்க நட்ட தூணு அது."

எவாரிஸ்டோவின் கையில் மரவள்ளி ரொட்டி கடிபடாமல் அப்படியே இருந்தது. "அப்போ எங்கப்பா எங்கிட்ட..." என்றார்.

இன்று காலை படகின் வேகம் தணிந்தது. வலது கால் நீருக்குள் போயிற்று, துழாவியது, நின்றது. அவர் எதுவும் கேட்கவில்லை. இறங்கினார். படகுக் கயிற்றை முளையில் கட்டாமல் தன் இடுப்பில் சுற்றி முடிச்சிட்டுக்கொண்டு, நாங்கள் வேலை முடிக்கும்வரை வெயிலில் அந்த முளைக்குப் பக்கத்திலேயே நின்றார்.